டைனோசருக்குப் போய் முனியின் தாடையோடு வந்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சப்பாத்து இன்னும் பளபளக்கிறது. காலில் அட்டை கடித்த தழும்பு ஒன்றுகூட இருக்காது. நான் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததைவிடப் பாறைகளைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியும், ஆகவே பாறைப் பாடம் எடுக்கப் போவதில்லை. மண்ணியல்காரர்களைப் பிடித்தால் லேசில் விடாத ஒரு வியாதி இருக்கிறது. ஆசை என்று அதற்குப் பெயர். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. போர் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதுளையில் படித்து, எப்படியோ இந்த வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு மேலதிகாரியாக இருந்தவரை நாங்கள் பெரியவர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நம் நாட்டின் வடமேற்கில் டைனோசர்கள் உலவிய காலத்துப் பாறைகள் கொஞ்சம் இருக்கின்றன அல்லவா, அவற்றை இளந்தாரியாக இருந்தபோதிலிருந்து தட்டிப் பார்த்தவர் அவர். கிடைத்ததெல்லாம் பன்னச் செடிகளின் இலைத் தடங்கள். "இலை இருந்தால் அதைத் தின்ன ஒண்டு இருந்திருக்க வேணும்" என்பார். ஒரு எலும்பு, ஒரு பல், அதுவும் இல்லாவிட்டால் ஒரு நகம். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதைக் கொடுக்கப் பாறைக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்டவரின் மேசைக்கு ஒரு நாள் தொலைபேசி வந்தது. ஊவா மலைநாட்டில், ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் எல்லையில் சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. அங்கே பாறைச் சுவருக்குள் டைனோசர் எலும்பு தெரிகிறது என்று தோட்டத்து ஒப்பீஸ் கிளார்க் சொன்னார். டைனோசர் படக் கசெட்டுகள் லயம் லயமாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மாட்டெலும்பைக் கண்டாலும் ஆட்கள் டைனோசர் என்பார்கள்.

ஊவாவில் டைனோசரா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்தேன். அந்த மலைகளின் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. எலும்புள்ள பிராணி எதுவும் உலகில் தோன்றுவதற்கு முன்பே வெந்து முடிந்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"பாறை பழசுதான், பிள்ளை. ஆனால் சுண்ணாம்புக்கல்லில வெடிப்பு விழும். வெடிப்புக்குள்ள மண் விழும், மண்ணோடை எலும்பும் விழும். அது எந்தக் காலத்து மண் எண்டு ஆர் கண்டது?"

வாதம் சரியானது. அதுதான் பயங்கரம். ஆசைப்படுகிறவன் மடையனாக இருந்தால் ஆபத்தில்லை, கெட்டிக்காரனாக இருந்தால்தான் ஆபத்து. அன்று இரவே கொழும்பிலிருந்து ஜீப் ஏறினோம். வழியெல்லாம் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது, மறைப்பானேன்.

சனிக்கிழமை காலையில் குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதித் தோட்டம் அங்கே நின்றது. பக்கத்து எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் இனி இங்கேயும் வருவார்கள், கடை போடலாம் என்று இரண்டு பேர் இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். குவாரி வாசலில் குங்குமம் அப்பிய ஒரு கல் இருந்தது. அதுதான் முனி. ஒவ்வொரு வெடிக்கு முன்னும் அதற்குச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பது அங்கே வழக்கம். பூசாரியும் குவாரியில் கல்லுடைக்கிறவர்தான். வெள்ளைப் பாறைக்கு நடுவே ஒரு சிவப்பு மண் பொந்து தெரிந்து, அதில் எலும்பும் தெரிந்ததும், அது முனியின் உடம்பு என்று அவர் மஞ்சளும் குங்குமமும் பூசிவிட்டார். யாரும் அந்த இடத்தில் வெடிக்குத் துளை போட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பொந்தைச் சுற்றித்தான் துளைகள் இருந்தன. வெடித்தால் பொந்தும் சேர்ந்து போகும்தான், ஆனால் அந்த மஞ்சள் இல்லாவிட்டால் அன்று நாங்கள் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பெரியவர் பொந்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மனிதர் அதற்குள்ளேயே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

இடது பக்கத்தில் ஒரு நீண்ட எலும்பு, என் கையைவிடத் தடிப்பு, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு மேடு. அதன் ஓரத்தில் மஞ்சள் அப்பிய ஏதோ ஒன்று வரிசையாகத் தெரிந்தது. தாடையாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. இரண்டையும் சுற்றி மண் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிக் கிடந்தது.

அப்போதுதான் குவாரி முதலாளி வந்தார். நல்ல மனிதர், சிங்களவர். கோபப்படவில்லை, நிலைமையைச் சொன்னார். போர்க்காலத்தில் வெடிமருந்து பொலிஸ் காவலோடுதான் வரும். வந்த அன்றே வெடித்துத் தீர்த்துவிட வேண்டும், வைத்திருக்க அனுமதி கிடையாது. அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள் இன்றுதான். பின்னேரம் இடி மழை பிடித்துக்கொள்ளும் பருவம் வேறு. மருந்து லொறி மதியத்துக்கு வரும், அதுவரை சுவர் உங்களுடையது, பிறகு என்னுடையது என்றார். பெரியவர் தோட்டத்து ஒப்பீஸுக்கு ஓடிப்போய்க் கொழும்புக்கு அடித்துப் பார்த்தார். சனிக்கிழமை யார் எடுப்பார்கள்?

அந்த இறுகிய மண்ணில் மதியத்துக்குள் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இரண்டு பேர் நின்று உளி போடுவதற்கும் அங்கே இடம் இல்லை.

"தொடையெலும்பு" என்றார் பெரியவர். "அதின்ரை பருமனைப் பார், பிள்ளை!"

"தாடைய எடுப்போம் சேர்" என்றேன். "இந்த எலும்புல வெளிய தெரியிற முனை உடைஞ்சு கிடக்கு. கொண்டு போனா, பெரிய எலும்புன்னுதான் சொல்லலாம். பல்லு இருந்தா யாருன்னு சொல்லிடும்."

"அது தாடை எண்டு உனக்கு ஆர் சொன்னது? வெறும் மண் மேடாயும் இருக்கலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கையில் இருக்கும் எலும்பை விட்டுவிட்டுப் பறக்கும் எலும்புக்கு ஆசைப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் விடவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இப்போதும் அப்படித்தான். இருவர் குரலும் ஏறிவிட்டது. தோட்டமே வேடிக்கை பார்த்தது.

பூசாரி நடுவில் வந்தார். "ஐயா, அம்மா, சண்ட எதுக்குங்க? அவரு ஒடம்புல எத எடுக்கிறதுன்னு அவரையே கேட்டுப்புடுவோம். பூ கட்டிப் பாப்போம்."

உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். கல்யாணத்திலிருந்து மாடு வாங்குவது வரை எங்கள் ஆட்கள் இப்படித்தான் முடிவெடுப்பார்கள். நான் பட்டம் வாங்கியது பூப் பொட்டலம் பிரிக்கவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர் கோயிலுக்கே போகாதவர், அவர் ஒரே பேச்சில் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சரி என்றுவிட்டார்! அப்போதுதான் எனக்கு விளங்கியது, உள்ளுக்குள் அவருக்கும் நிச்சயம் இல்லை.

சிவப்பு வந்தால் நீண்ட எலும்பு, வெள்ளை வந்தால் தாடை. பொட்டலத்தை எடுக்க என்னைக் கூப்பிட்டார் பூசாரி. "நீங்களே எடுங்கம்மா. நம்மள மாதிரி தோட்டத்துப் புள்ள."

எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு. என் கையாலேயே என் வாயை அடைத்துக்கொண்டேன். தோட்டம் ஆர்ப்பரித்தது. பெரியவர் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிவிட்டு உளியை எடுத்தார்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆகவே அந்த மேட்டுக்குப் பக்கத்தில் குந்தி, மூங்கில் குச்சியால் ஓரத்து மண்ணைச் சுரண்டினேன். மஞ்சளும் களிமண்ணும் சேர்ந்து பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். பூசாரியின் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள், கையில் போத்தல் நிறையப் பால் விடாத பிளேன்டீ. "இதுதாம்மா இருக்கு, ஆறிப்போச்சு" என்றாள். அதை வாங்கி ஊற்றினேன்.

மஞ்சள் கரைந்து ஓடியது. அதற்குக் கீழே பழுப்பாகப் பளபளவென்று ஒன்று எட்டிப் பார்த்தது. பல்! இன்னும் ஊற்றினேன். தேய்ந்த பல்லின் மேற்பரப்பில் மூன்று இதழ் விரித்த ஒரு பூ. அதற்கு எதிரே அதே மாதிரி இன்னொரு பூ. அடுத்த பல்லிலும் அப்படியே.

நான் போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். இந்தப் பூவை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். நீர்யானையின் கடைவாய்ப்பல் தேயும்போது மேலே விழும் வடிவம் அது. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளின் சரளைக்குள் நம் நாட்டு நீர்யானை எலும்பு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே, இந்த ஊவா மலையில், சுண்ணாம்புப் பாறையின் பொந்துக்குள்!

சத்தம் கேட்டுப் பெரியவர் உளியோடு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பல்லருகே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எனக்கு வந்த சந்தோஷம் அத்தோடு நின்றுவிட்டது. டைனோசருக்கு இப்படிப் பல் கிடையாது. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தப் பல் வெளியே வந்தால் அவருடைய டைனோசர் செத்தது. எடுக்காமல் விட்டால் மதியம் வெடியில் தூளாகிவிடும். நீண்ட எலும்பு மட்டும் கொழும்புக்குப் போகும். அது டைனோசர் இல்லை என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவர் ஓய்வு பெறும் நாள்வரை அந்த எலும்போடு சந்தோஷமாக இருக்கலாம். பூவும் அவர் பக்கம் விழுந்திருந்தது, யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மெல்ல நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "வடிவான பல்லு" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "இதைத்தான் எடுக்கப் போறம்" என்றார்.

பூசாரி பதறினார். "ஐயா, பூ அப்படிச் சொல்லலீங்களே! முனி வாக்க மீறலாங்களா?"

நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பல்லைக் காட்டினேன். "பாருங்கண்ணே, பூ இதுலயும் இருக்கு."

அவர் பார்த்தார். விரலால் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நாமதான் தப்பா வெளங்கிக்கிட்டோம்!" என்று கத்தினார். "பெரிய எலும்பு முனிக்கு. பூ வச்ச பல்லு இவங்களுக்கு. கணக்கு சரியா இருக்கு, வேலையப் பாருங்க!"

அதன் பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தலையும் தலையும் முட்டிக்கொள்ள உளி போட்டோம். தாடை வெடித்துவிடாமல் கட்ட வேண்டும், எங்களிடம் பிளாஸ்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் ஓடியது. டாக்டர் ஐயா கை கால் முறிவுக்கு வைத்திருந்த பிளாஸ்டர் சுருளை எல்லாம் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். நோயாளிக்கு என்ன பெயர் போடுவது என்று அவர் கேட்க, "முனின்னு போடுங்க, வயசு தெரியாது" என்றார் பூசாரி. சிரித்துக்கொண்டே கட்டினோம். கடைசிச் சுருள் முடியும்போது தாடை மண்ணை விட்டுப் பிரிந்து எங்கள் மடியில் விழுந்தது.

அந்த நேரத்தில் லொறி வந்தது.

முதலில் இறங்கியவர் பொலிஸ் சார்ஜன்ட். அவர் கண்ணில் பட்டது என்ன? வெடிமருந்து இறங்கப்போகும் இடம், அங்கே வெள்ளையாகச் சுற்றிக் கட்டிய ஒரு பொதி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு வெளியூர்த் தமிழர். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பொதியை உடைத்துக் காட்டச் சொன்னார். பிளாஸ்டர் இன்னும் ஈரம், உடைத்தால் தாடையும் சேர்ந்து உடையும்.

நான் சிங்களத்தில் பேசினேன். உடைக்க வேண்டாம், அது இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று சுவருக்குக் கூட்டிப்போனேன். சிவப்பு மண்ணில் தாடையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. சார்ஜன்ட் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. டைனோசரா என்று பெரியவரிடம் ஆசையாகக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மனிதர் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். சேர், ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்லை" என்றார் பெரியவர், தனக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில். "நீர்யானை."

சார்ஜன்ட் அவரையே பார்த்தார். மிருகக்காட்சிசாலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குமே, அதுவா என்றார். அதேதான் என்றார் பெரியவர். சார்ஜன்ட் வெடித்துச் சிரித்துவிட்டார். பொய் சொல்கிறவன் டைனோசர் என்றுதான் சொல்வான், நீர்யானை என்று எவன் சொல்வான் என்று கேட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பொதியை ஜீப்பில் ஏற்ற ஒரு கையும் கொடுத்தார்.

மருந்து வைத்தார்கள். பூசாரி தேங்காய் உடைத்தார். சங்கு ஊதினார்கள், வெடித்தது. தூசி அடங்கியபோது நீண்ட எலும்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பெரியவர் கற்குவியலுக்குள் தேடி ஒரு எலும்புச் சிராயை எடுத்தார். அதைப் பூசாரியின் கையில் வைத்தார். பூசாரி அதை முனியின் காலடியில் வைத்தார். முதல் இடி விழுந்தது, எல்லாரும் ஓடினோம்.

மறுநாளே திரும்பியிருக்கலாம். பெரியவர் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்குக் கூடும்போது தானே பேச வேண்டும் என்றார். டைனோசர் என்று நம்பிக்கொண்டிருக்கும் சனத்தை அப்படியே விட்டுப் போவது சரியில்லையாம். தோட்டத்து நிர்வாகியான துரையிடம் அனுமதி கேட்டு, கூடையும் கத்தியுமாக நின்ற ஆட்களின் முன்னால் போய் நின்றார்.

"அது டைனோசர் இல்லை, அம்மாமாரே, ஐயாமாரே" என்றார். "நீர்யானை."

கடைக்கு இடம் பார்த்தவர்களில் ஒருவர் "ச்சை" என்றார்.

அப்போது பூசாரியின் மனைவி கேட்டாள். "நீர்யானைன்னா தண்ணிக்குள்ளதானேங்க கெடக்கும்? அந்தக் குவாரி மேட்டுல தண்ணி ஏதுங்க?"

பெரியவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "அதுதானே!" என்றார். "அதுதானே, அம்மா! தண்ணி எங்கை? ஆறு எங்கை போனது?"

அவ்வளவுதான், பெரட்டு கலைந்தது. மேல் மலைப் பக்கம் ஒரு காய்ந்த ஓடை இருக்கிறது என்றான் ஒருவன். இல்லை, கோயிலுக்குக் கீழே கிணறு வெட்டும்போது உருண்டைக் கல்லாக வந்தது என்றாள் ஒருத்தி. ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கத்திப் பார்த்தார், கொழுந்து பறிக்க ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. பெரியவர் நடுவில் நின்று எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியில், தாடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "மனசுக்குக் கஷ்டமா இருக்கா, சேர்?"

"ஓம்" என்றார் உடனே. "இருக்காமல் என்ன?" மடியில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டே, "ஒண்டு சொல்லட்டே, பிள்ளை? டைனோசர் கிடைச்சிருந்தால் நான் நாளைக்கே ரிட்டயர் பண்ணியிருப்பன்."

"இப்ப?"

"இப்ப எப்பிடி ஏலும்? அந்த ஆற்றைப் பாக்க வேணுமே."

அடுத்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். தாடையை என் மடிக்கு மாற்றிவிட்டு, மழையில் கழுவிய அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனார்.